வேகத்தின் விலை

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாகனம் என்பது உழைப்பின் கருவி. பொழுது புலர்ந்ததும் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் டிராக்டரும் லாரியும் செம்மண் சாலைகளில் உறுமத் தொடங்கிவிடும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனப் பரந்து கிடக்கும் அப்பகுதியில் வளரும் பிள்ளைகள் பலருக்கு இயந்திரத்தின் ஓசை சிறு வயது முதலே பழகிய ஒன்று. பழுதான மோட்டார் சைக்கிளைப் பெரியவர்கள் பிரித்துப் போட்டு, துடைத்து, மீண்டும் பூட்டுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தே அவர்கள் பாதி வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள்.

அதே சிலாங்கூர் மாநிலத்தின் தென்கோடியில் சிப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அத்தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர் நீளம் கொண்டது. 15 வளைவுகளை உடையது. 1999 முதல் 2017 வரை ஆண்டுதோறும் ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கு நடைபெற்றது. 56 சுற்றுகள், ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவு! நேரான பகுதிகளில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட மகிழுந்துகளை உலகமே தொலைக்காட்சியில் கண்டு வியந்தது.

கோல சிலாங்கூருக்கும் சிப்பாங்கிற்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால், பார்வையாளர் இருக்கையிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்குச் செல்ல எவ்வளவு தொலைவு கடக்க வேண்டும்? அதைக் கடக்கத் திறமை மட்டும் போதுமா? தமிழ்நாட்டின் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு, சிலாங்கூர் மாநிலத்தின் இரண்டு பந்தயத் தடங்களிலும் ஓடிய நரேன் கார்த்திகேயனின் வாழ்க்கை இக்கேள்விக்கு விடை தருகிறது.

கோவையில் தொடக்கம்

நரேன் கார்த்திகேயன் 1977ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14ஆம் நாள் பிறந்தார். கோவை, பஞ்சாலைகளுக்கும் நீரேற்று இயந்திரத் தொழிற்சாலைகளுக்கும் பெயர் பெற்ற நகரம். இரும்பை வார்க்கவும் கடையவும் இழைக்கவும் தெரிந்த கைகள் அங்கு ஏராளம். அவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன், இந்திய தேசிய ரேலி வெற்றியாளர். தென்னிந்திய ரேலிப் போட்டியை ஏழு முறை வென்றவர். ஆகவே, வீட்டுப் பேச்சிலேயே பந்தயம் இருந்தது.

அந்நாளில் கோவையில் எஸ். கரிவரதன் என்பவர் இருந்தார். வெளிநாட்டுப் பந்தய மகிழுந்துகளை வாங்க இந்திய இளைஞர்களுக்கு வசதியில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே, இந்தியச் சாலைகளில் எங்கும் ஓடிய மாருதி மகிழுந்தின் சிறிய இயந்திரத்தைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்தார். ‘ஃபார்முலா மாருதி’ என்று அழைக்கப்பட்ட அவ்வண்டிகள் உலகத் தரத்தில் வேகமானவை அல்ல. ஆயினும், ஏணிக்கு முதல் படி வேண்டுமல்லவா? அந்த முதல் படியை அமைத்துத் தந்தவர் கரிவரதன். 1995ஆம் ஆண்டு வானூர்தி விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவைக்கு அருகில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் நடைபெற்ற ஃபார்முலா மாருதிப் பந்தயமே நரேனின் முதல் பந்தயம். அதிலேயே அவர் முதல் மூவருள் ஒருவராக வந்தார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஆனால், முளைவிட்ட பயிர் முழுதாய் விளைய நீரும் எருவும் வேண்டும். அவை அன்று இந்தியாவில் கிடைக்கவில்லை.

கடல் கடந்த பயிற்சி

1992ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், நரேன் பிரான்சு நாட்டில் உள்ள எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளி நடத்திய தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பி ஃபார்முலா மாருதியில் ஓட்டிக்கொண்டே, இங்கிலாந்தின் ஃபார்முலா வாக்ஸ்ஹால் ஜூனியர் பந்தயங்களிலும் கலந்துகொண்டார்.

இங்கிலாந்து அவருக்கு எளிதான இடமாக இருக்கவில்லை. அங்குள்ள இளம் ஓட்டுநர்கள் பலர் ஏழெட்டு வயதிலேயே கோ-கார்ட் எனப்படும் சிறுவண்டிகளை ஓட்டத் தொடங்கியவர்கள். மழையும் குளிரும் மாறி மாறி வரும் தடங்கள் அவர்களுக்குப் பழக்கமானவை. கோவை வெயிலில் வளர்ந்த நரேனுக்கோ ஒவ்வொரு வளைவும் புதியது. இருந்தும், 1994ஆம் ஆண்டு நடைபெற்ற பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் அவர் வெற்றியாளர் பட்டம் வென்றார். ஐரோப்பாவில் மகிழுந்துப் பந்தயத் தொடர் ஒன்றை வென்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

ஷா ஆலாமில் கிடைத்த அடையாளம்

இன்று ஷா ஆலாமின் பத்து தீகா பகுதியைக் கடந்து செல்வோருக்கு, அங்கு ஒரு காலத்தில் பந்தயத் தடம் இருந்தது என்பதே தெரியாது. 1968ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அத்தடம், சிப்பாங் உருவாகும் முன் மலேசிய மோட்டார் விளையாட்டின் தாய்வீடாக விளங்கியது. பின்னாளில் அது மறைந்து, அவ்விடத்தில் குடியிருப்புகள் எழும்பின.

1995ஆம் ஆண்டு, பதினெட்டு வயது நரேன் ஃபார்முலா ஆசியாத் தொடரில் நான்கு பந்தயங்களில் மட்டும் ஓட்டினார். அவற்றுள் ஒன்று ஷா ஆலாமில் நடைபெற்றது. அங்கு அவர் இரண்டாம் இடத்தைப் பிடித்தார். சிலாங்கூர் மண்ணில் கிடைத்த அவ்வெற்றி, அவருடைய திறமையை ஆசியப் பந்தய உலகிற்கு அடையாளங்காட்டியது. அடுத்த ஆண்டு முழுத் தொடரிலும் பங்கேற்று, 1996ஆம் ஆண்டுக்கான ஃபார்முலா ஆசியா வெற்றியாளர் பட்டத்தைக் கைப்பற்றினார். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியரும் அவரே.

இரண்டு இளைஞர்கள், இரண்டு பாதைகள்

நரேன் பிறந்து பதினான்கு நாள்கள் கழித்து, அதே 1977 ஜனவரி 28ஆம் நாள் ஜப்பானின் தோக்கியோவில் தகுமா சத்தோ பிறந்தார். பத்து வயதில் சுசூக்கா தடத்தில் ஃபார்முலா ஒன் பந்தயத்தை நேரில் கண்ட நாள் முதல் அவருக்கும் அதே கனவு. ஆனால், சத்தோவின் இளமை மிதிவண்டிப் பந்தயங்களிலேயே கழிந்தது. இருபது வயதை எட்டும் நிலையில்தான் அவர் மோட்டார் விளையாட்டிற்குள் நுழைந்தார். பதினைந்து வயதில் தொடங்கிய நரேனோடு ஒப்பிட்டால் அது மிகவும் தாமதம்.

எனினும், ஜப்பானில் ஒன்று இருந்தது. ஹோண்டா நிறுவனத்தின் ஆதரவுடன் இயங்கிய சுசூக்கா பந்தயப் பள்ளி, திறமையான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை வழங்கியது. 1997ஆம் ஆண்டு அப்பள்ளியில் சேர்ந்த சத்தோ, அந்த உதவித்தொகையை வென்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஃபார்முலா திரீ பட்டத்தை வென்று, 2002ஆம் ஆண்டு ஜோர்டான் குழுவின் வழி ஃபார்முலா ஒன் உலகை அடைந்தார். பள்ளியில் சேர்ந்து ஐந்தே ஆண்டுகள்! பிற்காலத்தில், அமெரிக்காவின் புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை 2017, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வென்றார்.

சத்தோவின் வெற்றி அவருடைய உழைப்பால் விளைந்தது, அதில் ஐயமில்லை. ஆனால், அந்த உழைப்பைத் தாங்கிப் பிடிக்க ஒரு நாடும் ஒரு தொழில்துறையும் முன்கூட்டியே பள்ளி ஒன்றைக் கட்டி வைத்திருந்தன. நரேனோ தமக்கு வேண்டிய பாதையைத் தாமே வெட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அதனால்தான், ஃபார்முலா ஒன் வாயிலை அடைய அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன.

பணம் என்னும் வளைவு

மகிழுந்துப் பந்தயம் செலவு மிக்க விளையாட்டு. ஓடப்பந்தய வீரருக்கு ஒரு சோடிக் காலணி போதும். கால்பந்தாட்டக்காரருக்கு ஒரு திடல் போதும். பந்தய ஓட்டுநருக்கோ வண்டி, டயர், எரிபொருள், உதிரிப்பாகங்கள், பொறியியலாளர், இயந்திரப் பழுதுபார்ப்பவர், போக்குவரத்து, காப்புறுதி என ஒவ்வொன்றும் வேண்டும். ஒரு முறை தடுப்புச் சுவரில் மோதினால், பல மாதச் சேமிப்பு சில நொடிகளில் கரைந்துபோகும். கீழ்மட்டத் தொடர்களில் பெரும்பாலான ஓட்டுநர்கள் குழுவிடமிருந்து ஊதியம் பெறுவதில்லை. மாறாக, குழுவிற்குப் பணம் கட்டியே ஓட்டுகிறார்கள். அப்பணத்தைத் தரும் விளம்பர ஆதரவாளர்களைத் தேடுவதும் ஓட்டுநரின் வேலைகளுள் ஒன்றாகிவிடுகிறது.

நரேன் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கே இத்தடை வந்தது என்பதுதான் இங்குக் கவனிக்கத்தக்கது. 1998ஆம் ஆண்டு கார்லின் குழுவிற்காகப் பிரிட்டிஷ் ஃபார்முலா திரீ தொடரில் நுழைந்த அவர், அடுத்த ஆண்டு பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் இரண்டு பந்தயங்களை வென்றார். 2000ஆம் ஆண்டு அத்தொடரில் நான்காம் இடத்தைப் பெற்றார். 2001ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் குழுவின் வண்டியைச் சோதனை ஓட்டமாக ஓட்டி, ஃபார்முலா ஒன் வண்டியை இயக்கிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு ஜோர்டான் குழுவும் அவரைச் சோதித்துப் பார்த்தது.

திறமை மெய்ப்பிக்கப்பட்டது, ஆனால் இருக்கை கிடைக்கவில்லை. 2003ஆம் ஆண்டு மினார்டி குழுவின் வண்டியையும் சோதனை ஓட்டமாக ஓட்டினார். அடுத்த ஆண்டுக்கான பந்தய இருக்கையை அக்குழு தர முன்வந்தபோது, அதற்குத் தேவையான விளம்பர ஆதரவுத் தொகையைத் திரட்ட இயலவில்லை. கதவு திறந்திருந்தும் உள்ளே நுழைய முடியாத நிலை! அந்நேரத்தில் மனமுடைந்து ஊர் திரும்பியிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ மீண்டும் உலகத் தொடர்ப் பந்தயங்களுக்குத் திரும்பி, 2004ஆம் ஆண்டு ஸ்பெயினிலும் பிரான்சிலும் வெற்றி பெற்றார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

2005: கனவு நனவான ஆண்டு

2005ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், ஜோர்டான் குழுவில் தாம் இணைவதை நரேன் அறிவித்தார். டாட்டா உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் ஆதரவு அவருக்குத் துணை நின்றது. மார்ச் 6ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஓடியபோது, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்று அவர் வரலாற்றில் இடம்பிடித்தார். அங்கு அவருக்கு 15ஆம் இடம் கிடைத்தது.

அவருடைய இரண்டாவது பந்தயம் மலேசியாவில்! மார்ச் 20ஆம் நாள் சிப்பாங் தடத்தில் அவர் ஓட்டினார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஷா ஆலாமில் இரண்டாம் இடம் பெற்ற இளைஞர், இம்முறை உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களோடு அதே சிலாங்கூருக்குத் திரும்பியிருந்தார்.

ஓட்டுநர்களை வாட்டுவதில் சிப்பாங்கிற்கு ஈடான தடங்கள் குறைவு. தீப்பற்றாத தடித்த உடை, தலைக்கவசம், முதுகுக்குப் பின்னால் கொதிக்கும் இயந்திரம், மேலே மலேசிய வெயில் என எல்லாம் சேர்ந்து ஓட்டுநரைப் பிழிந்தெடுக்கும். ஒரே பந்தயத்தில் வியர்வையாகவே இரண்டு மூன்று கிலோகிராம் எடை குறைந்துவிடும். வளைவுகளில் திரும்பும்போது தலை பல மடங்கு கனத்து ஒருபக்கமாக இழுக்கப்படும். கழுத்துத் தசை வலுவாக இல்லாதவர் சில சுற்றுகளுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. இத்தனையையும் தாங்கி, வேகம் குறைந்த வண்டியோடு நரேன் 11ஆம் இடத்தில் பந்தயத்தை முடித்தார்.

அதே ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில் விந்தையான பந்தயம் ஒன்று நடந்தது. அங்குள்ள சாய்வான வளைவில் தங்கள் டயர்கள் பாதுகாப்பாக இருக்கும் என்று உறுதியளிக்க மிச்செலின் நிறுவனத்தால் இயலவில்லை. எனவே, அந்த டயர்களைப் பயன்படுத்திய ஏழு குழுக்களின் 14 வண்டிகளும் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டன. எஞ்சிய ஆறு வண்டிகள் மட்டுமே ஓடின. நரேன் நான்காம் இடம் பெற்று ஐந்து புள்ளிகளை ஈட்டினார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது.

ஆறு வண்டிகள் ஓடிய பந்தயத்தில் பெற்ற புள்ளிக்கு மதிப்பு உண்டா என்று கேட்டவர்கள் உண்டு. அன்று கூட்டமும் ஏமாற்றத்தோடுதான் கலைந்தது. ஆயினும், சூழல் எப்படி இருந்தாலும் தம் பங்கை முழுமையாகச் செய்து முடிப்பதே விளையாட்டாளரின் கடமை. நரேன் அதைச் செய்தார்.

கடைசி வரிசையிலிருந்து

அடுத்த ஆண்டுகளில் அவருக்குப் பந்தய இருக்கை கிடைக்கவில்லை. 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் வில்லியம்ஸ் குழுவின் சோதனை ஓட்டுநராகப் பணியாற்றினார். நாடுகளுக்கிடையிலான ஏ1 தொடரில் இந்தியாவின் சார்பில் ஓட்டி, 2007ஆம் ஆண்டு இறுதியில் சீனாவின் சூஹாய் நகரில் வெற்றி பெற்றார். 2010ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

2011ஆம் ஆண்டு எச்ஆர்டி என்னும் சிறிய குழுவின் வழி அவர் மீண்டும் ஃபார்முலா ஒன் களத்திற்கு வந்தார். அக்குழுவின் வண்டி மிகவும் மெதுவானது. அக்காலத்தில் 107 விழுக்காட்டு விதி நடப்பில் இருந்தது. தகுதிச் சுற்றில் மிக விரைவான ஓட்டுநர் ஒரு சுற்றை 100 வினாடியில் முடித்தால், மற்றவர்கள் 107 வினாடிக்குள் முடித்தாக வேண்டும். முடியாதவர் பந்தயத்திலிருந்து விலக்கப்படுவார். 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மெல்பர்னில் நரேனால் அந்த வரம்பை எட்ட முடியவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவது எவ்வளவு பெரிய அவமானம்! 2011ஆம் ஆண்டின் நடுவில் அவர் இடம் வேறோர் இளம் ஓட்டுநருக்கு அளிக்கப்பட்டது. ஆயினும், அக்டோபர் 30ஆம் நாள் இந்தியாவில் முதன்முறையாக ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது அவர் மீண்டும் வண்டியில் ஏறி, தாய்நாட்டு மக்களின் ஆரவாரத்திற்கிடையே 17ஆம் இடத்தில் முடித்தார்.

2012ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் சிப்பாங்கில் மழை கொட்டியது. கடைசி வரிசையில் நின்ற நரேனின் வண்டியில் கனமழைக்கான டயர்கள் பூட்டப்பட்டிருந்தன. மழை வலுக்க வலுக்க மற்ற ஓட்டுநர்கள் டயர் மாற்ற ஒதுங்கினர். நரேனோ நிறுத்தாமல் முன்னேறினார். மழையால் பந்தயம் இடைநிறுத்தப்பட்டபோது அவர் பத்தாம் இடத்தில் இருந்தார்! உலகின் மிக மெதுவான வண்டிகளுள் ஒன்று, சரியான ஒரு முடிவினால், பெரிய குழுக்களின் வண்டிகள் பலவற்றிற்கு முன்னால் நின்றது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பந்தயம் மீண்டும் தொடங்கியதும் வேகமான வண்டிகள் அவரை முந்தின. இறுதிக் கட்டத்தில், அப்போதைய உலக வெற்றியாளர் செபாஸ்டியன் வெட்டல் அவரை முந்தியபோது இரு வண்டிகளும் உரசிக்கொண்டன. வெட்டலின் டயர் கிழிந்தது. அவர் புள்ளி பெறும் வாய்ப்பை இழந்தார். நரேனைக் கடுமையாகச் சாடவும் செய்தார். பிழை யாருடையது என்பதில் இருவரும் கருத்து வேறுபட்டனர். நடுவர்கள் நரேனுக்கு 20 வினாடித் தண்டனை விதித்தனர். ஒரே நாளில் உயர்வும் தாழ்வும்! மொத்தம் 46 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓட்டிய அவருடைய பயணம் அவ்வாண்டோடு முடிவடைந்தது.

ஜப்பானில் மலர்ந்த வெற்றி

ஃபார்முலா ஒன் முடிந்ததும் ஓய்வு பெறாமல், நரேன் ஜப்பானுக்குச் சென்றார். 2014 முதல் 2018 வரை அங்குள்ள சூப்பர் ஃபார்முலா தொடரில் ஓட்டினார். அவர் இறுதியாக இணைந்த குழு, சத்தோரு நக்கஜிமா என்பவருக்குச் சொந்தமானது. 1987ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் களத்தில் முழுநேர ஓட்டுநராக நுழைந்த முதல் ஜப்பானியர் அவர். ஆசியாவிலிருந்து முதலில் புறப்படுபவரின் தனிமை எத்தகையது என்பதை அறிந்தவர் அவர்.

2019ஆம் ஆண்டு, நரேன் கூரை வேய்ந்த பந்தய மகிழுந்துகள் ஓடும் சூப்பர் ஜிடி தொடருக்கு மாறினார். அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள், ஃபுஜி மலையடிவாரத்தில் உள்ள தடத்தில் ஜப்பானிய, ஜெர்மானியத் தொடர்களின் வண்டிகள் இணைந்து மோதின. அப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் நாற்பத்திரண்டு வயது நரேன் கார்த்திகேயன். வேகம் குறைந்த வண்டிகளில் பல ஆண்டுகள் போராடியவருக்கு, சமமான வண்டி கிடைத்தபோது தாம் யார் என்பதைக் காட்டும் வாய்ப்பு அங்கு வாய்த்தது.

தடமும் சாலையும்

நரேனுக்குப் பின் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் களத்தில் நுழைந்தார். மலேசியரான அலெக்ஸ் யூங் அதற்கும் முன்பே, 2001ஆம் ஆண்டு இத்தாலியில், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் மலேசியர் ஆனார். 2002ஆம் ஆண்டு கரம்ஜித் சிங், நம் நாட்டின் புரோட்டோன் மகிழுந்தை ஓட்டி, தயாரிப்பு மகிழுந்துகளுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். மலேசிய மண்ணில் வேகத்திற்குப் பஞ்சமில்லை.

ஆனால், வேகத்திற்கு உரிய இடம் எது என்பதை அறிவது வேகத்தைவிட முக்கியம். பந்தயத் தடத்தில் வண்டிகள் யாவும் ஒரே திசையில் ஓடுகின்றன. ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு கண்காணிப்பாளர் நிற்கிறார். மருத்துவரும் தீயணைப்பாளரும் சில வினாடிகளில் வந்து சேர்வர். மழை மிகவும் வலுத்துத் தடம் ஆபத்தானதாகிவிட்டால் பந்தயத்தையே நிறுத்திவிடுவர். டயர் பாதுகாப்பற்றது என்றால் 14 வண்டிகள் போட்டியிலிருந்தே விலகும். தோட்டத்துச் சாலையிலோ, இரவில் விளக்கில்லாத வளைவுக்கு அப்பால் குலை ஏற்றிய லாரி வரலாம், மாடு படுத்திருக்கலாம், வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் மிதிவண்டியில் வரலாம். பொதுச்சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடும் இளைஞர், தம் உயிரை மட்டுமன்றிப் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார். அது வீரமன்று. நரேன் ஓட்டிய 46 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஒன்றுகூட பொதுமக்களின் வண்டிகளுக்கிடையே ஓடியதன்று.

இயந்திரத்தின் மீது உண்மையான ஆர்வம் உள்ளவருக்கு வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. ஓட்டுநர் ஒருவர் தடத்தில் ஓடுகிறார் என்றால், அவருக்குப் பின்னால் பொறியியலாளர்களும் பழுதுபார்ப்பவர்களும் டயர் வல்லுநர்களும் தரவுகளை ஆராய்வோரும் அணிவகுத்து நிற்கிறார்கள். மழைக்கு எந்த டயரைப் பூட்டுவது என்னும் ஒரு முடிவே, அன்று சிப்பாங்கில் கடைசி வண்டியைப் பத்தாம் இடத்திற்குக் கொண்டுவந்தது. வளைவுகளில் கொடி பிடிக்கும் கண்காணிப்பாளர்களோ பெரும்பாலும் முறையான பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். தொழிற்கல்லூரிகளிலும் தொழில்திறன் பயிற்சிக் கழகங்களிலும் வாகனத் தொழில்நுட்பம் கற்கும் மாணவருக்கு இத்துறையில் இடமுண்டு. அதற்கு வேண்டிய மூலதனம், படிப்பும் பொறுமையும் கை நேர்த்தியும்தாம்.

கோல சிலாங்கூரிலிருந்து சிப்பாங் வரை உள்ள தொலைவு, பணத்தாலும் வாய்ப்பாலும் ஆனது என்பதை நரேனின் வாழ்க்கை மறைக்காமல் காட்டுகிறது. ஒருவர் தனியாக அதைக் கடப்பது கடினம். கோவையில் ஒரு கரிவரதன் எளிய வண்டியைச் செய்து தந்ததைப் போல, சுசூக்காவில் ஒரு பள்ளி கதவைத் திறந்து வைத்ததைப் போல, முதல் படியை அமைத்துத் தருவோரும் வேண்டும். இன்று செம்மண் சாலையோரப் பட்டறையில் கையில் கரி படிய இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளை, நாளை ஓட்டுநராகலாம், வண்டியை வடிவமைப்பவராகலாம், அல்லது தன் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அந்த முதல் படியைக் கட்டித் தருபவராகவும் ஆகலாம்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. கரிவரதன் வடிவமைத்த வண்டிகள் உலகத் தரத்தில் வேகமானவை அல்ல. அப்படியிருந்தும் அவை ஏன் முக்கியமானவை?

2. நரேன் கார்த்திகேயன், தகுமா சத்தோ ஆகியோரின் தொடக்கக்கால வாய்ப்புகளை ஒப்பிட்டு விளக்குக.

3. இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் நரேன் பெற்ற ஐந்து புள்ளிகளுக்கு மதிப்பு உண்டா? உம் கருத்தைக் காரணத்துடன் நிறுவுக.

4. பொதுச்சாலையில் நடைபெறும் சட்டவிரோதப் பந்தயங்களைத் தடுக்க உம் வட்டாரத்தில் என்ன செய்யலாம்?